எட்டாத காது

அதிகம் படிக்காத நான் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றலாகி ஸ்ரீரங்கத்தில் குடியேறினோம். தெருப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்குப் போய்விட, என் மகள் மட்டும் வாசலில் தனியாக நிற்பாள். அவளைச் சேர்க்க அழைத்துப் போனேன். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால்தான் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு எட்டவில்லை.

நரைத்த மீசை வாத்தியார், பிள்ளைகள் காதைத் தொடக் கை தூக்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்க தாயி" என்றார் மெல்ல.

"மாட்டேன். நேரா நிக்கணும்னு அம்மா சொன்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரிதான்! நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. ராத்திரியில கை வளந்துடும்."

இன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் தலையைச் சாய்ப்பதைப் பார்க்காமல் இருக்கத்தான் கண்ணாடியைக் கழற்றினாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அவர் லீவு. அந்த நாற்காலியில் வேறொரு வாத்தியார் இருந்தார். மகள் தானாகவே தலையைச் சாய்த்தாள். அவர் அதை நிமிர்த்தி வைத்தார். கை எட்டவில்லை, வீட்டுக்குத் திரும்பினோம்.