சகலை அறுத்த முயல் தொட்டி

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், லிஃப்ட் மெக்கானிக். பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. தொந்தி, பாதி நரைத்த மீசை, ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. பதினெட்டு வயதில் கிரீஸ் டப்பாவைத் தூக்கியவர், ஐம்பத்திரண்டிலும் அதே கம்பெனியில் அதே வேலை. லிஃப்ட் தகராறு செய்கிறது என்று கூப்பிட்டால் கருவிப் பெட்டியை உடனே திறக்க மாட்டார். நாலு தடவை மேலும் கீழும் போய் வருவார். சுவரில் காதை வைத்துக் கேட்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது. இந்த வாய் திறக்காத குணத்துக்குத்தான் எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை. குழாய் ஒழுகினால் என் மனைவி, "மாமாவைக் கேளுங்க" என்பாள். கணக்கு வராவிட்டால் மகள் பெரியப்பா வீட்டுக்குத்தான் ஓடுவாள். நான் ஒருவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. குளியலறைச் சாமான் கடையில் பதினாறு வருட விற்பனையாளன். கடையில் என் பட்டப்பெயர் 'உட்காந்து பாருங்க'. வாடிக்கையாளர் எவ்வளவு கூச்சப்பட்டாலும் விடமாட்டேன். காட்சிக்கு வைத்திருக்கும் கழிப்பறைப் பீங்கானில் மூடியோடு உட்காரவைத்து, முழங்கால் மடங்குவதைப் பார்த்தே எந்த உயரம் தோதுப்படும் என்று சொல்லிவிடுவேன். அதனால் மகள் இரண்டு முயல்களைக் கொண்டுவந்து, பஞ்சு, கரி என்று பெயரும் வைத்து, அவை வீடெங்கும் அசிங்கம் செய்தபோது உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. இது கழிப்பறை விவகாரம். இதற்குமா சகலையைக் கூப்பிடுவார்கள்?

வளர்ப்புப் பிராணிக் கடையிலிருந்ததிலேயே உயர்ந்த கழிப்பறைப் பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். மூலையில் அடங்குகிற முக்கோணப் பெட்டி. உள்ளே யார் இருப்பதும் தெரியாதபடி மூடி, சின்ன வாசல், புழுக்கை கீழே விழக் கம்பி வலை, அதற்கடியில் பூனைக்கு விற்கிற வாசனை மணல். இடத்தை அடைக்காமல் பால்கனியில் வைத்தேன். முயல்கள் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, நேராகச் செருப்பு அலமாரிக்குக் கீழே போய் வேலையை முடித்தன. நான் விடாப்பிடியாகத் தூக்கி உள்ளே விட்டேன். பத்தே நாளில் பஞ்சுவின் குதிகாலில் முடி தேய்ந்து தோல் சிவந்துவிட்டது. வீட்டுக்காரர் வேறு மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி வந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த நாத்தம் போகணும். இல்லேன்னா முயல் போகணும்."

மனைவி ஃபோனை எடுத்தாள். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

சகலை வந்தார். தொந்தியோடு கூடத்தில் குப்புறப் படுத்தார். ஒன்றரை மணி நேரம்! முயலைப் பார்த்தபடியே கிடந்தார். காபியைக்கூடப் படுத்தபடியே குடித்தார். என் மகளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். என்னோடு அவள் அப்படிப் படுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு நான் நாற்காலியில் இருந்தேன்.

எழுந்தவர் சொன்னார்: "தம்பி, இதுங்க தின்னுக்கிட்டேதான் போகுது. ரெண்டும் சேர்ந்தே போகுது. நல்லா நீட்டிப் படுக்கவும் பாக்குது."

தின்றுகொண்டே! பதினாறு வருடத்தில் அப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

துணி ஊறவைக்கிற அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்து, முயல் சிரமப்படாமல் கால் வைக்கும்படி ஒரு பக்கத்தைத் தாழ அறுத்தார். அறுத்த விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிப் பார்த்துக்கொண்டார். கம்பி வேண்டாம், கால் புண்ணாகும். இந்த மணல் வேண்டாம், நக்கினால் வயிற்றில் கட்டிக்கொள்ளும். காகிதத்தை அரைத்துச் செய்த உருண்டைகளைப் பரப்பி, ஒரு ஓரத்தில் காய்ந்த புல்லைக் குவித்தார். செருப்பு அலமாரியை நகர்த்திவிட்டு அதே இடத்தில் தொட்டியை வைத்தார். அன்று மாலையே பஞ்சுவும் கரியும் உள்ளே ஏறி, புல்லை மென்றபடி, மானத்தை வாங்கிவிட்டன. என் மானத்தை.

நாலு நாள் வீடு மணத்தது. நாலு நாளும் பெரியப்பா புராணம்தான்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தொட்டியிலிருந்து இரண்டு கை புழுக்கையை அள்ளிக் கூடத்தில் அங்கங்கே போட்டேன். சகலையின் தொட்டியும் தோற்றது என்று ஒரே ஒரு தடவை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மகள் வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"நாளைக்கு வீட்டுக்காரர் வந்துடுவாருப்பா. பெரியப்பா வீட்லயே விட்டுடலாம். நான் அங்க போய்ப் பாத்துக்கறேன்."

முயலோடு பெண்ணையும் நானே அவர் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்.

மனைவி ஃபோன் செய்ய, முயல்களைக் கொண்டுபோகச் சகலை கூடையோடு வந்தார். குனிந்து தரையை விரலால் தடவினார். எங்கும் ஈரமில்லை. தொட்டியைப் பார்த்தார், அதிலிருந்த உருண்டைகள்தான் மூத்திரத்தில் நனைந்திருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"தொட்டி வாசலை நான்தான் ஒசரமா அறுத்துட்டேன் போல" என்றார் மகளிடம். "என் தப்புதாம்மா. சரி பண்ணிடறேன்."

"தெரியலேன்னா எதுக்குப் பெரியப்பா செஞ்சீங்க?" என்று அவள் வெடித்தாள். "உங்களை நம்பித்தானே இருந்தேன்!"

எத்தனை வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. கேட்கச் சகிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு உப்புத்தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது முயல் போட்டதில்ல குட்டி" என்றேன்.

"பின்ன?"

"அப்பா போட்டேன். தொட்டிலேருந்து எடுத்து."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள் என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையாலயா?"

"ஆமா."

துடைப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிறகு போய்ப் பெரியப்பாவை ஒட்டி உட்கார்ந்து, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நியாயம்தான். நான் குனிந்து பெருக்கினேன். ஆனாலும் வயிறு எரிந்தது.