கடைசிப் பத்து நிமிடம்

அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அப்போது இதை வெளியே சொல்ல வெட்கம், இப்போது இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரே ஆபீசில், அடுத்தடுத்த மேஜையில் இருவரும் டைப் அடித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் சொந்த வீடு, வாசலில் மாமரம், கூடத்தில் பெரிய கலர் டிவி. நான் சிவாஜிநகரில் துணிக்கடை மாடியில், அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் மாதம் ஒரு சின்னப் பத்திரிகை போட்டது. அதை நடத்திய ரிட்டயர்ட் வாத்தியார் வீட்டில் டிவியே கிடையாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வரும் ஆங்கில விண்வெளித் தொடரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே என்று அவருக்கு ஓர் ஆசை.

"ரெண்டு பேரும் இந்த வாரத்து எபிசோடைப் பாத்துட்டு விமர்சனம் எழுதிட்டு வாங்கம்மா. யாரது நல்லாருக்கோ அவங்களுக்கு மாசாமாசம் ஒரு பக்கம்" என்றார்.

அச்சில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று பத்து வருஷமாகத் தவித்தவள் நான். அவள் எனக்குத் துணையாகச் சங்கத்துக்கு வந்தவள். அவளையும் எழுதச் சொன்னதில் எனக்கு அன்றே பாதி உயிர் போயிற்று.

சனிக்கிழமை அண்ணன் பிள்ளைகளை விரட்டிவிட்டு அண்ணனின் பழைய டிவி முன்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். ஆள் இல்லாத கிரகத்தில் தனியாக இருக்கும் ஒரு விஞ்ஞானி. பூமியிலிருந்து மனைவி பேசிய பேச்சு அவனுக்கு முப்பது வருஷம் கழித்து வந்து சேருகிறது. அவள் இப்போது இருக்கிறாளோ இல்லையோ. அவன் ரேடியோ முன்னால் போய் நிற்கிறான். ஏழு மணிக்குத் தொடர் முடியும், இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. டக்கென்று படம் மாறி ஒரு சண்டைக் காட்சி ஓடியது. எங்கள் தெரு கேபிள்காரர் சனிக்கிழமையானால் கேசட் படம் போடுவார், அன்றைக்கு அதை அந்தச் சேனலிலேயே போட்டுவிட்டார். கீழே ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, தெருவே படம் கேக்குது. உங்க ஒருத்திக்காக நான் திட்டு வாங்கணுமா?" என்றார்.

திங்கட்கிழமை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவளே ஆரம்பித்தாள்.

"கடைசி சீன்ல அழுதுட்டேன்டீ. நீ?"

"நானும்தான்" என்றேன். அவளிடம் போய்க் கை நீட்ட மனசு வரவில்லை. அவன் ரேடியோவை உடைத்துவிட்டு இருட்டில் நடந்துபோனான் என்று நானாகவே எழுதினேன். அந்த முடிவைப் புகழ்ந்து ஒரு பாரா வேறு.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறையில் வாத்தியார் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பொண்ணு ரேடியோவை உடைச்சான்னு எழுதுது. இன்னொண்ணு, கேக்க ஆள் இருக்கோ இல்லையோ, விடிய விடிய பதில் பேசினான்னு எழுதுது. இதுல யாரோ ஒருத்தர் முழுசாப் பாக்கலை. யாரு?"

அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

"நான்தான் சார். கடைசியில கரண்ட் போயிடுச்சு. நானா எழுதிட்டேன்" என்றாள்.

வாத்தியார் அவளைப் பிடித்துக் கிழித்துவிட்டார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது படிக்கிறவனை ஏமாற்றுவது, இனிமேல் பேனாவைத் தொடாதே என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை. பக்கம் எனக்குக் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தாள்.

"உனக்கு இது எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரியாதாடீ? விடு" என்றாள்.

காலில் விழாத குறையாக நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீடும் மரமும் டிவியும் போதாதென்று, இப்படி ஒரு மனசும் அவளுக்கேதான் வாய்க்க வேண்டுமா என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதேன்.