மெரூன் ஆன கறுப்புக் கோட்டு

ஏஞ்சலின் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கேமராக்கள் உண்டு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டுக் கல்யாணப் படம் எடுக்க இறங்கியபோது, லென்சும் பேட்டரியும் இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று ஒரே மாடலில் பழையதாகப் பார்த்து வாங்கியவை. ஒன்று பிழைப்புக்கு. இன்னொன்று வானத்துக்கு. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரை மூடியிருக்கும் ஃபில்டர் கண்ணாடி, விண்வெளி வாயு மேகங்களின் ஆழ்ந்த சிவப்பைத் தடுத்துவிடும். அதனால் வானத்துக் கேமராவில் மட்டும் அதைக் கழற்றச் சொல்லி வெறும் கண்ணாடி போட்டு வைத்திருந்தாள். அமாவாசையை ஒட்டிப் பழவேற்காடு கடற்கரைக்கு அதோடு கிளம்பிவிடுவாள். கணவன் ராபினும் கூடப் போய் மணலில் துண்டை விரித்துத் தூங்குவான்.

அன்றைக்கு வள்ளூரில் சோனியாவின் கல்யாணம். ஆலய வாசலில் காரை விட்டு இறங்கிய மணப்பெண்ணை ஏஞ்சலின் முதல் படம் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டுப் புடவை ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. முகமும் அப்படியே. காலை அவசரத்தில் வானத்துக் கேமராவை மாற்றி எடுத்து வந்துவிட்டாள்.

ராபினுக்குப் போன் போட்டாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவன் எடுக்கவில்லை. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பீடத்து வெள்ளைத் துணி படம் முழுக்க நிறையும்படி ஒன்று எடுத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவில் பதிந்தாள். அடுத்த படத்தில் புடவை வெளுத்தது, முகம் முகமாயிற்று. மாப்பிள்ளை எட்வர்ட் பக்கம் திரும்பினாள். அவனுடைய கறுப்புக் கோட்டு மெரூனாக இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அந்தத் துணி திருப்பி அனுப்புகிறது. கழற்றிய கண்ணாடி இருந்தால் தடுத்திருக்கும். வெள்ளையை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது. லென்சின் மேல் திருகிப் போடுகிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது, வீட்டில்.

போன் அதிர்ந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஏங்க, மேசை மேல கீற கேமராவ எத்துக்கினு உடனே வாங்க. நான் மாத்தி எத்துக்கினு வந்துட்டேன்."

"ஸ்டாரு கேமராவையா? இன்னா ஏஞ்சலு நீ! தோ, கெளம்பிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மீஞ்சூரில் மாட்டிக்கொண்டானாம்.

போதகர் எபினேசரின் நீளமான பிரசங்கத்தைத்தான் நம்பியிருந்தாள். அவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, சுருக்கமாக முடித்துவிட்டார். எட்வர்ட் தாலி கட்டினான். கோட்டு மெரூனாகவே விழ, ஏஞ்சலின் எடுத்துக்கொண்டே இருந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் ராபின் வேர்த்து வழிய ஓடிவந்தான்.

பந்தி முடிந்ததும் சோனியாவையும் எட்வர்டின் அம்மா செண்பகத்தையும் தனியாக அழைத்துப் படத்தைக் காட்டினாள்.

செண்பகத்துக்கு முகம் கறுத்தது. "ஏம்மா, கட கடையா ஏறி எறங்கி எடுத்த கோட்டும்மா இது. இன்னா வேல பண்ணி வச்சிக்கிற நீ?"

"தப்பு என்னுதுதாம்மா."

சோனியா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூஞ்சி நல்லாத்தான வந்துகீது. கோட்ட மாத்த முடியுமாக்கா?"

"ஒவ்வொரு படமா ஒக்காந்து மாத்தித் தரேன்."

சொல்வது சுலபமாக இருந்தது. மொத்தமாகச் சிவப்பைக் குறைத்தால் சோனியாவின் உதடு செத்துப்போனது. கோட்டின் விளிம்பைக் கையாலேயே வரைந்து பிரித்தாள். பீடத்தில் அலங்காரத்துக்கு வைத்த இலைகள் மட்டும், அதே அகச்சிவப்பால், கடைசிவரை வெளிறியே இருந்தன.

ஆல்பம் கொடுத்த அன்று, செண்பகம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தாலி கட்டும் படத்தில் விரல் நின்றது. எட்வர்டின் கோட்டுக் கைமடிப்பில் நூலளவு மெரூன் மிச்சமிருந்ததை ஏஞ்சலின் அப்போதுதான் கண்டாள்.

"முடிச்சு பளிச்னு தெரியுது," என்று சொல்லிவிட்டு செண்பகம் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

இப்போதெல்லாம் ஏஞ்சலின் வேலைக்குக் கிளம்பும்முன் கதவில் தொங்கும் ராபினின் கறுப்புப் பேன்ட்டை ஒரு படம் எடுத்து, கறுப்பு கறுப்பாகவே விழுகிறதா என்று பார்க்கிறாள். புதுவாயல் கூட்டுரோடு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, அந்தப் படத்தைத் திறந்து இன்னொரு தரம் பார்க்கிறாள்.