பெண் பார்க்க ஒரு சாப்பாட்டுக் கடை

கண்டியில் நான் சாப்பிடாத கடை இல்லை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. பெருமைக்குச் சொன்ன பேச்சு அல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லொறியில் மூட்டை ஏற்றினவன், பேக்கரியில் மாப் பிசைந்தவன், எந்த வேலையிலும் உட்கார்ந்த இடம் சூடாகுமுன் எழுந்து போகிறவன், கடையில் சாப்பிடாமல் வேறெங்கே சாப்பிடுவான் என்பதுதான் அதன் பொருள். தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அதுவே எனக்கு ஒரு தகுதியாகிவிட்டது.

தங்கச்சி கலஹாப் பக்கத்தில் எங்கள் தோட்டப் பள்ளியில் படிப்பித்தாள். பயிற்சி வகுப்புக்காகப் பேராதனைக்குப் போய்வந்த பஸ்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் அவளுக்குப் பழக்கமானார். பேராதனையில் கிளார்க். நல்ல மனிதர். தங்கச்சி அவரைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அவரும் அப்படித்தான். ஆனால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: "அம்மா ஓமெண்டு சொல்லவேணும். அவ மாட்டனெண்டா, நான் தனியக் கட்டுற ஆளில்லை."

அந்த அம்மா அப்போது பேராதனையில்தான் இருந்தார். கண் ஒப்பரேஷனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், வடக்கில் சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டதால் திரும்பிப் போக முடியாமல் மகனுடைய குவாட்டர்ஸில் மாட்டிக்கொண்டார். இந்தியாவிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் வழியில் வந்த தோட்டத்துப் பெண் என்று கேட்டதும் முகம் சுளித்தாராம். அடுத்த நாள், "பிள்ளையைப் பாப்பம். ஆனா வீட்டை போறேல்லை. வீட்டுப் படி ஏறிப்போட்டு வேண்டாமெண்டு சொல்லுறது மரியாதையில்லை" என்றாராம். வேண்டாம் என்று சொல்வதற்கு அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார் என்பது எங்களுக்கு விளங்கியது.

எங்கள் அம்மாவுக்கோ அது பெரிய நிம்மதி. "லயத்துக்கு வர வேணாம்டா. அந்தம்மா வந்து இந்தப் பொகை புடிச்ச செவத்தப் பாத்துச்சுன்னா, புள்ளையப் பாக்காமலே திரும்பிரும்" என்றாள். அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா செத்த பிறகு எங்கள் இருவரையும் லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், அந்த ஒற்றை அறையில்தான் வளர்த்தாள்.

ஆக, ஏற்பாடு கண்டி டவுனில். இடம் பார்க்க வேண்டியது நான்.

சாப்பிட மட்டும் இடம் தேடுவது வேறு, இரண்டு குடும்பம் உட்கார்ந்து பேச இடம் தேடுவது வேறு என்று அந்த வாரம்தான் தெரிந்தது. விலை எங்கள் கைக்குக் கட்டுப்படியாக வேண்டும். பெண்கள் கூச்சமில்லாமல் உட்கார வேண்டும். பையனின் அம்மா சுத்த சைவம், முட்டையும் ஆகாது. முழங்கால் வருத்தம், மாடிப்படி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தமிழில் பேச வேண்டும். குண்டு எங்கேயாவது வெடித்த வாரங்களில் நாங்கள் பஸ்ஸில் வாயைத் திறப்பதில்லை. தமிழ் ஆள் என்று தெரியாமலிருக்க அம்மா ஒட்டுப் பொட்டைக் கழற்றிக் கைப்பையின் உள்பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வாள். பெண் பார்க்கும் பேச்சை ஊமைச் சாடையில் நடத்த முடியாது.

முதலில் சைவக் கடைப் பக்கம் போனேன். நான் மசால்வடை தின்று பழகிய கடை கலவரத்தில் எரிந்து, இப்போது அந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள். இன்னொரு சைவக் கடை இருந்தது. அங்கே நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். முழங்கால் வருத்தக்காரரை நிற்க வைத்துச் சம்மதம் கேட்பது சரியாக வராது.

பஸ் நிலையத்தடியில் ஒரு சிங்களச் சோற்றுக்கடை. பலாக்காய்க் கறி அவர்களைப் போல யாரும் வைக்க மாட்டார்கள். ஆனால் சாப்பிட்டு முடிக்கு முன்னே அடுத்த ஆள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று நம் வாயைப் பார்ப்பான். அந்த அவசரத்தில் பேர் கேட்கலாம், சாதகம் கேட்க முடியாது. சீனக் கடையில் விளக்கே இல்லை. ஒப்பரேஷன் செய்த கண்ணோடு வருகிறவர் பெண்ணை எப்படிப் பார்ப்பது? வாவிக் கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் வெயிட்டர் டை கட்டி நின்றார். அவர் என் காலைப் பார்த்தார், நானும் என் காலைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். ஒரு பேக்கரிக்குப் பின்னால் அமைதியான அறை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு ஜோடியும் என்னைக் கண்டதும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டது.

கடைசியில் அக்குறணை முஸ்லிம் முதலாளி ஒருவரின் கடைக்குப் போனேன். முன்னொரு காலம் அவர் கடைக்கு நான் மா மூட்டை இறக்கியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன தம்பி, பெமிலி ரூம் ஈக்கி. நம்மட பொம்புளைங்க வந்து சாப்பிடுற எடம். தெரையப் போட்டா உள்ளுக்கு யாரு ஈக்கிறன்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அந்தம்மா சைவம், மொதலாளி. இங்க மாட்டெறச்சி..."

"வெளங்குது, வெளங்குது. கோயிலடில ஒரு ஐயர் வீட்டுப் பொம்புள வடை சுட்டுக் குடுக்கிற. அத எடுப்போம். வாழப்பழம் எந்த மதத்துக்கும் சரி. கோப்ப புதுசு எடுத்து வெக்கிறன். வேற என்ன வேணும்டு செல்லுங்க."

எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கலஹா பஸ்ஸில் வரும்போதுதான் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குள் சொல்லக்கூடாத வார்த்தை அது, ஆனாலும் வேறு சொல் அகப்படவில்லை. என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்:

"ஏன்டா, தேத்தண்ணி யாரு குடுக்குறது?"

"கடையில குடுப்பாங்கம்மா."

"பொண்ணு கையால தேத்தண்ணி குடுக்காம என்னடா பொண்ணு பாக்குறது? வெயிட்டர் கொண்டாந்து வச்சா, அவனையா மருமகளாக் கூட்டிட்டுப் போவாங்க?"

முன் சீட்டில் இருந்த தங்கச்சியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாக் கடையையும் சல்லடை போட்டுத் தேடியவனுக்கு இது தோன்றாமல் போயிற்று.

கடைக்குப் போனதும் முதலாளியிடம் ஓடினேன். அவர் ஒரு நொடி யோசித்தார். "தங்கச்சி குசினிக்குப் போகட்டும். தேத்தண்ணி அடிக்கிற நானா ஒருத்தர் ஈக்கிறார், அவர் ஊத்திக் குடுப்பார். ட்ரேய அவ எடுத்துட்டு வரட்டும். ஊட்டுல மாதிரியே ஈக்கும்."

தங்கச்சி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

பையனும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா தடித்த புதுக் கண்ணாடி போட்டிருந்தார். பெமிலி ரூம் என்பது மூன்று பலகைச் சுவரும் ஒரு பூப்போட்ட திரையும். அதற்கு அந்தப் பக்கம்தான் கொத்து ரொட்டி போடும் மேடை என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்து, புதுக் கோப்பையைத் திருப்பிப் பார்த்து, வடையைத் தொடாமல், எங்கள் அம்மாவிடம் விசாரணையைத் தொடங்கினார்.

"உங்கட ஆக்கள் இந்தியாவில எந்தப் பக்கம்?"

அம்மா வாயைத் திறந்தாள். வெளியே ரொட்டி கொத்தும் இரண்டு தகடும் கல்லில் இறங்கின. டங்கு டக்கர டங்கு டக்கர. அம்மா பதில் சொல்லி முடிக்கும்வரை சத்தம் நிற்கவில்லை. அந்த அம்மா கேட்டவர் மாதிரித் தலையாட்டினார்.

"சாதகம் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

டங்கு டக்கர. அம்மா உற்சாகமாகக் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். தங்கச்சி பிறந்த நேரம் அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. அவ்வளவு உற்சாகமாக என்ன சொன்னாளோ, பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. பையன் மேசையைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை விழுங்கினார்.

கொத்து சட்டென்று நின்றது. கதிரைகள் இழுபடும் சத்தம். கனத்த சப்பாத்துகள். திரை ஓரமாகப் பார்த்தேன். நாலு ஆமிக்காரர்கள். பக்கத்துச் சந்தியில் காவல் நிற்கிறவர்கள். துவக்குகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்கள் திரைக்கு நேர் முன்னால் உள்ள மேசையில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே அம்மாவின் கை தானாக நெற்றிப் பொட்டுக்குப் போயிற்று. பையனின் அம்மா மகனுடைய சட்டையின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் என்னென்ன பார்த்துவிட்டு வந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பிடியைப் பார்த்தபோது கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கச்சி வெளியே வந்தாள். கையில் ட்ரே. ட்ரேயில் ஐந்து கோப்பை தேத்தண்ணி, நுரை ததும்ப.

"நங்கி, மெஹாட்ட கேன்ன" என்றான் ஒரு ஆமிக்காரன். தங்கச்சி, இங்கே கொண்டு வா என்று சிங்களத்தில். கடையில் ட்ரேயோடு வருகிற பெண்ணை வேறு என்னவென்று நினைப்பான்?

தங்கச்சி நின்றாள். திரையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். நேரே போய், ஒவ்வொரு கோப்பையாக நாலு பேர் முன்னும் வைத்தாள். ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி போதாது என்றான். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடிக் கற்ற சிங்களத்தில், கலக்காமல் குடித்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள். மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் கலக்கினான். மீன் வைத்த மாலு பாண் இருக்கிறதா என்றார்கள். போய்க் கொண்டுவந்தாள். மேசையில் சிந்தியிருந்ததைத் துணி வாங்கித் துடைத்தாள். உண்மையான வெயிட்டர் சுவரோரம் நின்று, தன் வேலை போய்விட்டதோ என்பதுபோல் முதலாளியைப் பார்த்தார்.

"கடைக்குப் புதிதா?" என்று ஒருவன் கேட்டான்.

"இன்றைக்கு மட்டும்" என்றாள்.

பையன் எழும்பப் பார்த்தார். அவர் அம்மா சட்டையை விடவில்லை. "இரு" என்றார், மிக மெதுவாக. திரைக்கும் பலகைக்கும் இடையில் இருந்த இடைவெளியில் புதுக் கண்ணாடியை வைத்து வெளியே பார்த்தபடியே இருந்தார். பெண் பார்க்க வந்தவர் பார்த்தார் என்றால் அப்போதுதான் பார்த்தார்.

அவர்கள் குடித்து முடித்து, துவக்குகளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் தங்கச்சி திரையை விலக்கினாள். ட்ரேயில் மிஞ்சியது ஒரே ஒரு கோப்பை. அதிலும் ஆடை படிந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஆறிப் போச்சு. வேற ஊத்தச் சொல்லியிருக்கேன்."

அந்த அம்மா கோப்பையைப் பார்க்கவில்லை. "உமக்குப் பயமில்லையோ பிள்ளை?"

"பயமாத்தாம்மா இருந்துச்சு. கை நடுங்குனா தேத்தண்ணி கொட்டிருமே."

"கையில துவக்கோட நிக்கிறவனுக்குச் சீனி கலக்கச் சொல்லிக் குடுக்கிறீர்."

"எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்புப் பசங்களும் இப்படித்தாம்மா. கலக்க மாட்டாங்க. இனிப்பில்லன்னு அழுவாங்க."

பையன் இப்போது வெளிப்படையாகவே சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. கதிரையில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் காட்டி, "இதில இரும். கனநேரம் நிண்டிட்டீர்" என்றார். தங்கச்சி உட்கார்ந்தாள். வெயிட்டர் புதுத் தேத்தண்ணியோடு திரைக்கு வெளியே வந்து செருமினார்.

"தம்பி, எனக்கு வேண்டாமெண்டு சொல்லும்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தங்கச்சி மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்தாள். நான் தேடித் தேடிப் பிடித்த கடை, ஐயர் வீட்டு வடை, புதுக் கோப்பை, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"பிள்ளை தாற தேத்தண்ணியை வீட்டை வந்து குடிக்கிறன்" என்றார் அவர், எங்கள் அம்மாவைப் பார்த்து. "வாற ஞாயிறு வாறம். நான் கேட்டதுக்கு நீங்கள் சொன்ன மறுமொழி ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை. அங்க வந்து ஆறுதலா இருந்து கேப்பம்." பிறகு ஒரு வடையை எடுத்துப் பிட்டு, பாதியைத் தங்கச்சியின் கையில் வைத்தார்.

வீட்டுப் படி ஏறினால் வேண்டாமென்று சொல்ல முடியாது என்று சொன்னவர் அவர்தான். பையனுக்கு முதலில் விளங்கியது, பிறகு எனக்கு. தங்கச்சிக்கு எப்போதோ விளங்கிவிட்டது போல. வடையை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு மட்டும் அது விளங்க நேரமெடுத்தது; திரும்பிப் போகும் பஸ்ஸில் விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டு வந்தாள். பேராதனை தாண்டியதும் ஆரம்பித்தாள். கதிரைக்கு யார் வீட்டில் கேட்பது, கூரைத் தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே எதை வைத்து மறைப்பது, அடுப்புப் பொகையை என்ன செய்வது. கிசுகிசுக்க மறந்து தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத்தன கட ஏறி எறங்குனியே, கடசில லயத்துக்கே கூட்டிட்டு வந்துட்டியேடா" என்றாள் என்னைப் பார்த்து.

அடுத்த நாள் மாத்தளைப் பக்கம் ஒரு லொறியில் போவதாக இருந்தேன். போகவில்லை. அந்த வாரம் முழுக்கச் சுண்ணாம்பு வாளியும் கையுமாக, எங்கள் வீட்டுச் சுவரோடு பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சுவரை மட்டும் வெளுத்தபோது மற்றச் சுவர்கள் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன.