படுக்கை விரிப்பில் ஒரு போர்முனை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முதல் நானே ஒப்புக்கொள்வது மரியாதை. நான் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவன். காரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தத் தெரியாமல் மூன்று தரம் கட்டடத்தைச் சுற்றி வருகிறவன். ஆனால் உக்ரைன் சண்டை தொடங்கிய நாளில் இருந்து இரண்டு பக்கத்துப் படைகளையும் நான்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஜேர்மனியின் ஹம் நகரத்திலிருந்து வேலைக்குப் போகிற இருபது நிமிஷ ரயிலில் கைபேசியும் வரைபடமும்தான். ரஷ்யா பிடித்த சிவப்பு எவ்வளவு நகர்ந்தது, எந்த ஆற்றைக் கடந்தால் எந்த ஊர் விழும், எல்லாம் விரல் நுனியில். இறங்கவேண்டிய ஸ்டேஷனைத்தான் இரண்டு தரம் தவறவிட்டேன்.

"தளபதி, முனை அமைதியா இருந்தால் அந்தக் குப்பைப் பையை ஒருக்காக் கீழை கொண்டுபோய்ப் போடுங்கோ" என்பாள் மனைவி.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. ஒரு வருஷமாக என் எதிர்ப்பக்க மூலைகளைப் பிடிப்பவள் ஓர் உக்ரைன்காரி. ஐம்பதை நெருங்குகிற வயது, அதிகம் பேசமாட்டாள். அவளுடைய டொச் மொழியும் என்னுடைய டொச்சும் சேர்ந்தால்தான் ஒரு முழு வசனம் வரும். அவளுடைய அப்பா கிழக்கில் ஒரு சின்ன நிலக்கரி ஊரில் தனியாக இருந்தார். சண்டை அந்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. தொண்டர்கள் வான் வண்டியில் வந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள். அவரோ தோட்டத்து உருளைக்கிழங்கைக் கிண்டி எடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று நின்றார். ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் போனில் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். மொழி விளங்காது, கெஞ்சுவது விளங்கும்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "நீ போரில் இருந்தவன். வரைபடமும் பார்க்கிறாய். பாதை இன்னும் எத்தனை நாள் திறந்திருக்கும்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இலங்கைப் போரில் நான் செய்தது ஓடினது மட்டும்தான், அதுவும் முதல் ஆளாக. ஆனால் இந்த நாட்டில் என்னிடம் யாராவது கடைசியாக அபிப்பிராயம் கேட்டது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. நெஞ்சு விரிந்துவிட்டது. மேசையில் ஒரு விரிப்பைப் பரப்பினேன். கசக்கிய ஒரு மடிப்பு ஆறு. தலையணை உறை அவளுடைய ஊர். வடக்கிலும் தெற்கிலும் இரண்டு துவாய்கள், நெருங்கி வருகிற ரஷ்யக் கைகள். நோயாளி அங்கியின் நாடா ஒன்று, மேற்கே வெளியேறும் பாதை.

"பார், இரண்டு கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி! இதை மூட அவர்களுக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாளாவது வேண்டும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "உங்கள் ஆட்கள் பின்வாங்குவது பயத்தில் இல்லை. எதிரியை உள்ளுக்கு விட்டு அடிக்கப் போகிறார்கள். நீ பயப்படாதே."

மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று கத்தியதும் போர்முனையைச் சுருட்டித் திரும்பத் தோய்க்கிற கூடைக்குள் போட்டேன். அவள் அன்றே அப்பாவுக்குச் சொன்னாள். அவர் போனில் சிரித்தது எனக்கும் கேட்டது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அப்படியானால் கிழங்கு முழுவதையும் எடுத்துவிட்டே வருகிறாராம். பக்கத்து வீட்டு மனுஷிக்கும் சொல்லிவிடுவாராம், அவளும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தாளாம்.

நாலாம் நாள் ரயிலில் அந்தப் பாதையின் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, மேலே மீன் வலை கட்டியிருந்தார்கள். ட்ரோன் இறங்காமல் இருக்கத்தான். வலை கிழிந்த இடத்தில் எரிந்த வான் ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நூல்போல மெல்லிய கண்ணாடி நார் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கிற ட்ரோனாம். சிக்னலைக் குழப்பி விழுத்தவும் ஏலாது. வீதியோரம் இறங்கி, வாகனம் வருமட்டும் காத்துக் கிடக்குமாம். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்பு ஓர் அங்குலமும் நகரவில்லை. என் இரண்டு துவாய்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. பாதை மட்டும் செத்துப்போயிருந்தது.

நான் அறிந்த சண்டையில் ஆமி வந்து வீதியில் நிற்கும்வரைக்கும் அது வீதிதான். அந்தக் கணக்கைத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

அன்று பின்னேரம் மனைவி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிற்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"அவவுக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

"மூண்டு கிழமை இருக்கு எண்டு."

"வேறை?"

"உள்ளுக்கை விட்டு அடிப்பினம் எண்டும்…"

கத்தி நின்றுவிட்டது. "அதே வசனமோ?" என்றாள்.

வன்னிச் சண்டையின் கடைசி மாதங்களில் அவளுடைய தம்பி குடும்பத்தோடு உள்ளே இருந்தான். நான் இங்கே சுவரில் வரைபடம் ஒட்டி, சிநேகிதர்களோடு போனில் மணிக்கணக்காகச் சண்டை நடத்தினேன். ஓர் ஊர் விழுந்தால், இயக்கப் பெடியள் உள்ளுக்கை விட்டு அடிக்கப் போறாங்கள் என்பேன். அடுத்த ஊர் விழுந்தாலும் அதையேதான் சொன்னேன். அவள் நம்பினாள், அல்லது நம்பினமாதிரி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். கடைசியில் உள்ளுக்கு விட நிலமே மிஞ்சவில்லை. தம்பியைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. சுவரில் இருந்த வரைபடத்தை அவள்தான் ஒருநாள் கழற்றினாள்.

"நாளைக்குப் போய் முதல் வேலையா, நான் சொன்னது பிழை எண்டு சொல்லுங்கோ" என்றாள். வெட்டியது வெங்காயமும் இல்லை, லீக்ஸ்தான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொன்னேன். தொழிற்சாலை வாசலில், அவள் கோட்டைக் கழற்றுவதற்கு முதலே. "எனக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னது பிழை. இன்றைக்கே வெளியேறச் சொல்." அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே திரும்பி நின்று போனை எடுத்தாள்.

வான் இப்போது ஊருக்குள் வருவதில்லையாம். எட்டுக் கிலோமீற்றர் நடந்து வந்தால் ஏற்றுவார்களாம். வெளிச்சமான நாளில் நடந்தால் ட்ரோன் மேலே இருந்து பார்த்துவிடும். பனிமூட்டம் வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் சண்டை வரைபடத்தைப் பார்க்கவில்லை, அந்த ஊரின் காலநிலையைத்தான் பார்த்தேன். ஹம்மில் பனியும் மழையும் வந்தால் ஊரையே திட்டுகிற ஆள், யாரோ ஒரு கிழவருக்காக மூட்டம் கேட்டு முருகனைக் கும்பிட்டேன். ஐந்து நாள் அங்கே பளபளவென்று வெயில். ஆறாம் நாள் மூட்டம் வந்தது. அப்பாவும் பக்கத்து வீட்டு மனுஷியும் விடியவே நடக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு போன் இல்லை.

இரண்டு நாள் விரிப்பு மடித்தோம். அவள் மூலைகளை அவ்வளவு நேராகப் பிடித்ததை நான் முன்பு பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவளே சொன்னாள். அப்பா வந்து சேர்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில், தோளில் காயம், ஆனால் பேசுகிறாராம். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது.

"அந்தப் பக்கத்து வீட்டு மனுஷி?" என்று கேட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

இயந்திரம் சூடான விரிப்பொன்றைத் துப்பியது. ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு மௌனம் தாங்காது, அது பிறவிக் குணம். "மூட்டம் இடையில் விலகியிருக்கும், அந்த ட்ரோன் வீதியோரம் முதலே இறங்கி…" என்று தொடங்கிவிட்டேன்.

அவள் விரிப்பைத் தூக்கித் தன் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மூலையைப் பிடி."