வெந்தது என்று ஒரு சொல்

'எலுமிச்சையில் வெந்த மீன்' என்று கையால் எழுதி வந்த தாளைக் கணினித் திரையின் ஓரத்தில் சாய்த்துவைத்துக்கொண்டு, காசிராஜன் 'எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன்' என்று அடிக்கிறார். யாரிடமும் கேட்பதில்லை. அடித்து முடித்த பிறகுதான் வாடிக்கையாளரைத் திரும்பிப் பார்ப்பார்.

இராஜபாளையம் தென்காசி சாலையில் மாடியில் இருக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் அவருக்கு வேலை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார். ஆனாலும் மெனு கார்டு என்றால் ஓட்டல்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். நாற்பத்து மூன்று வயது. திருவில்லிபுத்தூரிலிருந்து காலை எட்டு மணி பஸ்ஸில், மில்லுக்குப் போகிற பெண்களோடு நெருக்கியடித்து நின்றுகொண்டே வருவார். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். ஆறு வருடம் மாலத்தீவில் ஓட்டல் சமையல்காரராக இருந்தவர். அந்தப் பழக்கம் ஒன்றுதான் மிச்சம். வீட்டில் வெந்நீர்கூட வைப்பதில்லை என்று அவர் மனைவி சொல்வார்.

மாலத்தீவு ஓட்டலில் அவருக்குச் சமையற்கட்டின் அடுப்பில்லாத பகுதியில் வேலை. அந்தச் சொற்களெல்லாம் இன்னும் நாக்கு நுனியில் நிற்கின்றன. 'மாரினேட்' என்றால் ஊறப்போடுவது. 'எஸ்கபேச்சே' என்றால் முதலில் பொரித்துவிட்டு வினிகரில் போடுவது. 'செவிச்சே' என்றால் அடுப்புப் பக்கமே போகாமல் எலுமிச்சைச் சாற்றில் மீனை வெளுக்க விடுவது. "பொரிச்சதும் பொரிக்காததும் ஒண்ணாய்யா? ரெண்டும் புளிக்கும், அம்புட்டுதான்" என்பார். போன மாதம் ஒரு மகளிர் சங்கத்துக்காரர்கள் 'அடுப்பில்லாச் சமையல் போட்டி' என்று பேனர் கேட்டார்கள். "அடுப்பில்லாட்டி அதுக்குப் பேரு சமையலா?" என்று இவர் கேட்க, அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். முதலாளி சோலைராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே காசி, அவிய எழுதித் தாரத அடிக்கதுதானல நம்ம வேல?"

இந்த மீன் தாளைக் கொண்டுவந்தது பானுப்பிரியா என்கிற பெண். மதுரை சாலையில் புதிதாக உணவகம் திறக்கப்போகிறாள்.

"அண்ணே, நெட்டுல எல்லாம் எலுமிச்சைல வேகுதுன்னுதான் போட்டிருக்கு. மீனு வெள்ளையாயிருது, கெட்டியாயிருது. வெந்த மாதிரிதான இருக்கு?"

"மாதிரிதாம்மா. நெறம் மாறும், வேகாது. புளிப்புக்குக் கிருமி சாவாது. பச்சைன்னு தெரிஞ்சு திங்கவன் திங்கட்டும்."

"பச்சைன்னு போட்டா யாருண்ணே வருவா?"

"வராட்டிப் போகட்டும்."

அவள் தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். காசிராஜன் அந்த வரியைத் திரையிலிருந்து அழிக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் லீவில் வந்திருந்தபோது, தங்கை சத்யப்பிரியா ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். புளிப்பாக ஏதாவது வேண்டும் என்றாள். பிளவக்கல் அணைப் பக்கமிருந்து துள்ளத் துடிக்க வந்த கெண்டையை வாங்கி, முள் எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, பத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றினார். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டார். மாலத்தீவில் அது கடல்மீன்; நாள்கணக்கில் பனிக்கட்டியாய் உறைந்து கிடந்து, புழுப்பூச்சி செத்து வருவது. அந்த வித்தியாசம் அன்றைக்கு அவருக்கு உறைக்கவில்லை. வெளிநாட்டில் கற்ற வித்தையை வீட்டில் காட்டுகிற சந்தோஷம் கண்ணை மறைத்தது.

"வெந்துருச்சாண்ணே?"

"நல்லா வெந்துருச்சு தாயி. நெருப்பே வேண்டாம். எப்பிடி வெளுத்துருச்சு பாரு."

அவள் தின்றாள். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். "பச்சையா, சமைக்காம எதுவும் சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்கைப் பிடித்தபடி காசிராஜன் நின்றிருந்தார். "இல்ல டாக்டர், எல்லாம் வெந்ததுதான்" என்றாள் சத்யப்பிரியா. அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனையில், வேகாததைத் தின்றால் வருகிற கிருமி என்று தெரிந்தபோது, வயிற்றில் குழந்தையின் துடிப்பு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவேயில்லை. காசிராஜன் மாலத்தீவுக்குத் திரும்பிப் போகவில்லை.

அண்ணன் சொல்லை நம்பி 'வெந்ததுதான்' என்றாளா, அண்ணனைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாளா? எட்டு வருடமாக அவர் கேட்டதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டியில் அவள் வீட்டுக்குப் போவார். அவள் கணவன் கருத்தப்பாண்டி வயலுக்குப் போயிருப்பான். சாப்பிடுவார், மழையைப் பற்றிப் பேசுவார், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

பானுப்பிரியா வந்துபோன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"சத்யா, அன்னைக்கு டாக்டரு கேட்டாருல்ல... அந்த மீனு வேகல. நாந்தான் ஒங்கிட்ட வெந்துருச்சுன்னேன்."

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தாள்.

"தெரியும்ணே."

"எப்போ தெரிஞ்சுது?"

"வாயில வச்ச ஒடனே தெரிஞ்சிருச்சு. வழுவழுன்னு பச்சையா இருந்துச்சு. நீ எதுத்தாப்புல நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்த. அம்புட்டு சந்தோசம் ஒனக்கு. எப்பிடித் துப்ப?"

காசிராஜனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது. சத்யப்பிரியா எழுந்து, தன் பக்கமாக ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ரசம் எடுக்க உள்ளே போனாள். காற்று நேராக அவர்மேல் அடித்தது. பிசைந்த சோறு அவர் விரல்களில் காயத் தொடங்கியது.