ரெக்கார்டு உறையில் நான்கு ஓட்டைகள்

தேனியில் எங்கள் பிரஸ்ஸில் அச்சாவது பெரும்பாலும் திராட்சைப் பெட்டிதான். ஆனால் எனக்குப் பைத்தியம் ப்ராக்ரசிவ் ராக். ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும். அது வரும் இசைத்தட்டு ரெக்கார்டின் உறையும் லேசுப்பட்டதில்லை. விரியும், மடியும், உள்ளே இன்னொரு படம் இருக்கும். "பாட்டுக்காக இல்லாம அட்டைக்காக ரெக்கார்டு வாங்குறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் ரசிகர் மன்றம் ஒன்று இசைக் குழுக்களின் உறைகளுக்குப் போட்டி வைத்து என்னையும் நடுவராகப் போட்டது. மற்ற இருவரில் ஒருவர் கொச்சிக்காரர், இன்னொருவர் சென்னை ஓவியர். உறைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஜெயிக்கிற குழுவின் ஆல்பத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வெளியிடும். சின்னக் குழுக்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

போட்டி உறைகள் அடங்கிய பார்சல் எனக்குக் கடைசி நாள் காலையில்தான் வந்தது. அவசரமாக மற்ற இருவரோடு வீடியோ காலில் உட்கார்ந்தேன். ஏழாம் எண் உறை முழுக்கக் கருப்பு. அதில் நான்கு வட்ட ஓட்டைகள். அவை வழியே உள்ளுறையின் மஞ்சள் தெரிந்தது.

"நாலு சூரியன்!" என்று கொச்சிக்காரர் துள்ளினார். "அந்த ஓட்டைதான் டிசைனே."

"எனக்கும் இதுதான் முதல்" என்றார் ஓவியர்.

நான் உறையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். அந்த ஓட்டையின் அளவும் இடைவெளியும் என் விரலுக்குத் தெரியும். திராட்சைப் பெட்டியின் காற்று ஓட்டை அது. இதோ வருகிறேன் என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டு எங்கள் மிஷின்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பாட்டு ரெக்கார்டுக்கு உறை ஏதும் அடிச்சீகளா?"

"ஆமா தாயி. நீ போடிக்குப் போயிருந்தப்ப உத்தமபாளையத்துல இருந்து ஒரு காலேஜ் டீச்சர் வந்தாக, அவுக பாட்டுக் குழுவுக்குன்னு. அவசரம்னு சொன்னாக."

"ஓட்டை போடச் சொன்னாகளா?"

"அவுக சொல்லல. பெட்டின்னா மூச்சு விட வேணாமா? அப்படியே அடைச்சா உள்ள இருக்கறது புழுங்கிப் போகுமுல்ல?"

அடப்பாவி மனுஷா! ரெக்கார்டு என்ன பழமா, புழுங்க? கத்தக்கூட நேரமில்லை. திரையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

சொந்த பிரஸ் வேலைக்கு நடுவர் மார்க் போடக்கூடாது. அதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். என் வாய் நின்றால்தானே! "இது எங்க பிரஸ்ல அடிச்சது. அந்த ஓட்டை டிசைனும் இல்ல, மண்ணும் இல்ல. எங்க ஆள் பழக்கதோஷத்துல போட்டது" என்று கொட்டிவிட்டேன்.

கொச்சிக்காரர் முகம் தொங்கிப்போனது. ஓட்டைக்குப் போட்ட மார்க்கை இருவரும் எடுத்தார்கள். ஏழாம் எண் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. மனசு கனத்தாலும், நாணயமாக நடந்துகொண்டேன் என்ற திமிர் எனக்குள் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடிவோடு, நான் சொன்னது உட்பட நடுவர்களின் குறிப்பும் குழுக்களுக்குப் போனது. மறுநாள் அந்த டீச்சர் போன் செய்தாள்.

"அக்கா, ஓட்டையப் பாத்ததும் நாங்களும் மொதல்ல பதறித்தான் போனோம். திருப்பிக் குடுக்கலாம்னு கெளம்பினோம். அப்புறம் ஒரு யோசனை. வெள்ளையா இருந்த உள்ளுறைய மாத்தி, அந்த ஓட்டைக்குன்னே மஞ்சத் தாள் வெட்டி வச்சோம். ஒங்க ஆளு செஞ்சது தப்புதான். ஆனா அந்த சூரியன் நாங்க செஞ்சதுதானே? எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?"

ஏழாம் எண் உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உறையை மதிப்பிட உட்கார்ந்தவள் நான். அந்த மஞ்சளை வைத்தது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

ரசிகர் மன்றத்துக்கு உடனே எழுதினேன். முடிவை அறிவித்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.